முப்பதைத் தாண்டினால்

"தூங்கும்போது வயிறு ஏறி இறங்குறதை எண்ணுங்க. நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டினா உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்றார் இளம் டாக்டரம்மா.

பெரியவர் மடியிலிருந்த நாயைத் தடவியபடி மூன்றாம் முறையாகக் கேட்டார்: "முப்பதுதானேம்மா?"

"முப்பதுதான் சார். எழுதியும் தர்றேன்."

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. டாக்டரம்மாவோ எழுந்து வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார்.

"ஒரு மண்ணும் தெரியாத மனுஷன்கிட்ட உங்களுக்கு எவ்ளோ பொறுமை டாக்டர்!"

டாக்டரம்மா அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். 'நாய்களின் இதய நோய்கள்'. பின்னட்டைப் படத்தில் அதே பெரியவர், தலை நிறைய முடியோடு.

"அந்த முப்பது கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏன் இங்க வந்தார்?"

"சொந்த நாய் நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வைக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் காதுல விழும்னு க்ளாஸ்ல திட்டுவார்." டாக்டரம்மா புத்தகத்தை மெல்லத் திருப்பி வைத்தார். "மூணு மாசமா தினமும் வச்சுப் பார்த்தாராம். நல்லாத்தான் இருந்துச்சாம்."