ஐம்பது கிராம்

மகள் மஞ்சுளாவின் வாயிலிருந்து சொம்பை வெடுக்கென்று பிடுங்கினாள் செங்கம்மாள். அதற்குள் அரைச் சொம்பு தண்ணீர் உள்ளே போயிருந்தது.

“ரெண்டரை வயசுப் புள்ள தண்ணி குடிச்சா இன்னாடி? வெசமா அது?” என்றாள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா.

“இன்னிக்கு வெசந்தான்க்கா. எடை போடற நாளு.”

செங்கம்மாள் மாமல்லபுரம் ரோட்டில் ஜல்லி உடைப்பவள். காலனி சத்துணவு சென்டரில் எடை குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் தினம் ரெண்டு சத்துமாவு உருண்டை. மூன்று மாதத்தில் அரைக் கிலோ ஏறிவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். ரெண்டில் ஒன்று மூத்தவன் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு நாலு வயசு; மூணு தாண்டினால் நோட்டில் பேர் கிடையாது.

வேர்வையிலாவது எடை கொஞ்சம் இறங்கட்டும் என்று, சித்திரை வெயிலில் மஞ்சுளாவைத் தூக்காமல் நடத்தியே கூட்டிப்போனாள்.

சென்டர் வாசலில் ஜீப் நின்றது. ஆபீசரம்மா கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“முப்பது பேர் இருந்த லிஸ்ட், இப்ப மூணே பேர். இவங்களும் தேறிட்டா சென்டரையே மூடிடலாம். வெரி குட், ரெபேக்காள்!”

“தேங்க்ஸ் மேடம்” என்றாள் டீச்சர் ரெபேக்காள்.

செங்கம்மாளுக்குத் தராசின் மேல்தான் கண். ரெபேக்காள் கறார். போன மாதம் சந்திரம்மா காலில் விழுந்தும், அவள் மகன் பேரை அடித்தவள்.

மஞ்சுளாவைத் தூக்கித் தராசுத் தொட்டிலில் உட்கார வைத்தாள். முள் ஆடி நின்றது.

“அரைக் கிலோ ஏறி, அதுக்கு மேல அம்பது கிராம் கீது. தேறிட்டா. கூட்டினு போ.”

“அய்யோ டீச்சர், அது புள்ள வெயிட்டு இல்ல, தண்ணி வெயிட்டு! வரச்சொல்லோ அர சொம்பு குடிச்சிட்டா.”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. முள்ளு காட்டறத எழுதறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

ரெபேக்காள் பேனா மூடியைக் கழற்றி, நோட்டைப் பிரித்தாள். மஞ்சுளா பேருக்கு மேலே பக்கம் பூராவும் சிவப்புக் கோடு. கீழே ரெண்டே பேர். ஜீப் சத்தம் ரோட்டில் ஏறி மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பேனாவை மூடினாள்.

“இன்னாத்துக்கு நிக்கற? பின்னால கூட்டினு போயி ஒண்ணுக்கு வுட்டுட்டு வா!”