இரண்டு விரல்

கடைக்காரர் பச்சைத் துணியை விரித்து மூன்று கைத்துப்பாக்கிகளை வைத்தார். தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் என்று மனுக் கொடுத்து, நாச்சிமுத்து இரண்டு வருடம் அலைந்து வாங்கிய லைசென்ஸ் மேசைமேல் இருந்தது. முதல் துப்பாக்கி அவர் உள்ளங்கையில் பூனைக்குட்டி மாதிரி அடங்கியது. தொட்டதுமே விசை இறங்கியது. முகம் மலர்ந்து மனைவியைப் பார்த்தார். பாவாத்தாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். போன மாதம் வாய்க்கால் தண்ணீருக்காக அவர் அரிவாளோடு தம்பி வீட்டுக்குக் கிளம்பியபோது, வாசலில் குறுக்கே படுத்து மறித்தவள் அவள். இரண்டாவதைத் தானே அழுத்திப் பார்த்துவிட்டு, "இதும் லேசா இருக்குதுங்க" என்று திருப்பி வைத்தாள்.

மூன்றாவது பழைய ரிவால்வர். மூட்டுவாதம் கண்ட அவர் விரலுக்கு விசை அசையவே இல்லை. பாவாத்தாள் எழுந்து வந்து அவர் விரல்மேல் தன் விரலை வைத்தாள். இருவரும் சேர்ந்து அழுத்தியதும் குண்டில்லாத ரிவால்வர் 'டிக்' என்றது.

"இது வேண்டாங்கம்மா. ஐயா ஒருத்தரால சுட முடியாதுங்க" என்றார் கடைக்காரர்.

"இதையே குடுத்துருங்க."

நாச்சிமுத்து சிரித்தார். "ஏம்புள்ள, அந்த முட்டிக்கால இழுத்துக்கிட்டு நீ வந்து சேர அஞ்சு நிமிசம் ஆகுமே?"

"உங்க கோவம் எறங்கவும் அத்தன நேரந்தானுங்க ஆகும்."

கடைக்காரர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு விரல்களும் இன்னும் விசையின் மேலேயே இருந்தன.