சாக மறுத்த ராஜா

"மேடம், நான் இரண்டாவது காட்சியிலேயே சாகணுமா?"

கேட்டவர் கண்டக்டர். பகலெல்லாம் பஸ்ஸில் கத்திவிட்டு, மாலைக் கல்லூரியில் இலக்கியம் படிக்கிறவர். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ராஜா வேஷம் அவருக்கு விழுந்திருந்தது.

"ராஜாவுக்கு விஷம் வச்சாதான் அமைச்சர் அரியணை ஏற முடியும். ஏறினாதான் மனசு உறுத்தும். உறுத்தினாதான் அது துன்பியல் நாடகம். நீங்க சாகாம உட்கார்ந்திருந்தா கதை எப்படிங்க நகரும்?" என்றார் பேராசிரியை.

"செத்துடறேன் மேடம். ஆனா ஆவியா திரும்பி வந்துடறேனே?"

"ஆவி ஒரே ஒரு காட்சியிலதான் வருது."

"எல்லாக் காட்சியிலயும் வந்தா என்ன மேடம்? வீட்டுக்காரி, மாமனார், மச்சான்னு ஒரு பட்டாளமே என்னைப் பார்க்க வருது."

வகுப்பே சிரித்தது. பேராசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷமெல்லாம் படித்த நாடகத்தை நடித்துக் காட்டினால்தான் மார்க். அதற்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். இந்த மனுஷனுக்கு விளையாட்டாக இருக்கிறது!

போதாக்குறைக்கு, அமைச்சர் வேஷம் மருந்துக்கடைக்காரரிடம் மாட்டியிருந்தது. விஷம் வைக்கப் பொருத்தமான ஆள்தான் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் அவர் போன வருஷம் இதே தேர்வில் மேடையேறி, வாயைத் திறந்தபடி நின்று, திறந்தபடியே இறங்கி வந்தவர். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். அந்தக் கவலையில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

ஒத்திகையில் அமைச்சர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். கண்டக்டர் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு காட்சிக்குக் காட்சி வந்தார். ஓரமாக நின்றாலும் பரவாயில்லை, அமைச்சரின் தோளை உரசிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது என்ன பஸ் கூட்டமா?"

"ஆவி அமைச்சர் கண்ணுக்கு மட்டும்தானே மேடம் தெரியும்? பக்கத்துல இருந்தாதானே அவருக்குப் பயம் வரும்?"

கடைசியில் அமைச்சரின் தனிமொழி. செய்த பாவத்தை நினைத்துத் தன்னந்தனியாகப் புலம்ப வேண்டும். அதற்கும் போர்வை வந்து நின்றது.

"தனிமொழின்னா தனியா பேசறதுங்க!"

"நான் பேசமாட்டேன் மேடம். சும்மா நிப்பேன், அவ்வளவுதான்."

"பதவி ஆசை ஒருத்தனை என்ன பாடு படுத்தும்னு வருஷம் பூரா தொண்டை வத்தப் பாடம் நடத்தினேன். அதுக்கு நீங்களே உதாரணமா வந்து நிக்கிறீங்க. நின்னு தொலைங்க!"

தேர்வு நாளும் வந்தது. புத்தகம் கையில் இல்லை. மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியை குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார்.

ஆனால் மனிதர் வெளுத்துக் கட்டிவிட்டார். தயங்கித் தயங்கி, திடுக்கிட்டுத் திடுக்கிட்டு, தலையை ஆவியின் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பேசினார். தனிமொழி முடிந்தபோது தேர்வாளரே எழுந்து நின்று கைதட்டினார்.

"அமைச்சர் ஒவ்வொரு வரி பேசறதுக்கு முன்னாடியும் ஆவி அவர் காதுல ஏதோ முணுமுணுக்குது. அவரும் நடுங்கிப் போய்ப் பேசறார். குற்ற உணர்ச்சியைக் காட்ட இப்படி ஒரு உத்தியை நான் பார்த்ததே இல்லை. யாரோட யோசனைங்க இது?"

"என்னுதுதான் சார்," என்றார் பேராசிரியை, கொஞ்சமும் கூசாமல். "அவங்களைச் சம்மதிக்க வைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

தேர்வாளரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், மேடைக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பாஸ் ஆயிட்டீங்க, அழாதீங்க. எங்கே உங்க ஆவி?"

"இன்னிக்கு நைட் டியூட்டியாம், நேரமாச்சுன்னு அப்பவே ஓடிட்டார் மேடம்."

"ஆமா, சும்மா நிக்கறேன்னு சொல்லிட்டு உங்க காதுல என்னதான் ஓதிக்கிட்டே இருந்தார்?"

"மேடையேறினதும் எனக்கு எல்லாமே மறந்து போச்சு மேடம். நான் பேசினது பூரா, அவர் வரி வரியா காதுல சொன்னதுதான்."