பச்சைக் காது

ஸ்தனிஸ்லாஸின் பன்றி பவுனம்மா தும்மினால் பக்கத்துத் தெருவில் கூரை ஓடுகள் இடம் மாறும். பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டதும், அடையாள மை குத்தி அவளுக்கும் குட்டிகளுக்கும் காது பச்சையாயிற்று. பச்சைக் காது இருந்தால்தான் அப்போதெல்லாம் பன்றி வளர்க்கலாம். ஊசி போட்டவன், ஸ்தனிஸ்லாஸின் மனைவி ரெஜினாவின் தம்பி, கால்நடை டாக்டர் ஜெரால்டு.

“இனி காய்ச்சலுக்குப் பயந்து ஓட்டல் எச்சில் சோத்தக் கொதிக்க வைக்காண்டாம், அத்தான். அப்படியே போடுங்க” என்றான்.

அப்படியே போட்டார். காய்ச்சல் வந்தபோது ஊர்ப் பன்றிகளெல்லாம் தவிட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் தொழுவம் மட்டும் காலியானது.

ஜெரால்டு சாப்பிட வந்தான்.

“எனக்க பன்னியளுக்கு என்னத்தப் போட்டே, மாப்ளே?”

“பச்சை மையும் தண்ணியும். மருந்து போடாதது செத்தாத்தானே, மத்தது மருந்தால பொழச்சதுன்னு தெரியும்.”

“அதுக்கு எனக்க தொழுவம்தான் கெடச்சுதா?”

“வேற ஆளுன்னா என்ன நம்பாம, எனக்குத் தெரியாமலாவது சோத்தக் கொதிக்க வச்சிருப்பாவ. நீங்க சொன்னா கேப்பிய.”

ஸ்தனிஸ்லாஸ் மனைவி பக்கம் திரும்பினார். “ஒனக்கும் தெரியுமா?”

ரெஜினா அவர் முகத்தைப் பார்க்காமல் தம்பியின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.