தோண்ட ஒன்றுமில்லாதவர்

யார் பெயரை நீதிபதி பதவிக்குச் சொன்னாலும் ஒரு கட்சி அவர் தாத்தாவின் சாதியைத் தோண்டியது, இன்னொரு கட்சி பாட்டியின் ஊரைத் தோண்டியது. ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பரிதியிடம் தோண்ட ஒன்றுமில்லை. இரண்டு கட்சிகளும் கைதட்டின. சொந்தமென்று யாராவது முளைத்தால் பதவி போய்விடும், அவ்வளவுதான்.

வழக்குக்கு வருகிறவர்களின் ரத்தத்தை நீதிபதியின் ரத்தத்தோடு இயந்திரம் ஒப்பிடும். முடிவு நீதிபதியின் திரையில் மட்டும் தெரியும். இத்தனை வருடங்களாக அதில் ‘உறவு இல்லை’ என்றுதான் வந்தது.

இன்று மீன்கடை வழக்குக்காகத் தமயந்தி வந்து நின்றாள். ‘உடன்பிறந்தவர்’ என்றது திரை.

பரிதி வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, “இந்த வழக்கை வேறு நீதிபதி விசாரிப்பார்” என்றார். நீதிபதிகள் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

“கூட வர்றதுக்குக்கூட எனக்கு ஆளில்லீங்கய்யா. இன்னொரு கோர்ட்டுக்கு எப்படி அலையிறது?”

“அய்யாவுக்கும்தாம்மா யாருமில்ல. அதனாலதான் நியாயமா இருக்காரு. கெளம்புங்க” என்றார் கிளார்க்.

தமயந்தி பரிதியை ஒரு கணம் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனாள்.