முனகும் தரை

நியாயம் கேட்போரே, வந்து சாட்சி நில்லுங்கள். குரங்கணி ஏலத்தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் சேர்த்த சோணையைக் காணவில்லை. மலையாளத்துக்கு ஓடிவிட்டான் என்கிறார் முதலாளி. தம்பி சோணையின் இடுப்பில் எந்நேரமும் தோட்டத்தின் ஆள் எண் பொறித்த பித்தளை வில்லை தொங்கும் என்பதைப் போடியில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணன் ஒச்சப்பன் அறிவான். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் முனகும் கருவியைத் தானே செய்தான். கருவியை மறைத்துக் கொண்டுபோகும் கோணிப்பையில் பெரிய ரேடியோ பேட்டரி அடங்காது என்பதால், கடையில் டார்ச்சு பேட்டரிக் கட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கில் போட்டு எரியவிட்டுப் பார்த்தான்.

"எலி புடிக்கவா மாப்ளே இம்புட்டு வெளிச்சம்?" என்றார் கடைக்காரர்.

"எலியில்ல, பெருச்சாளி. புதுக் கட்டையாக் கொண்டா."

தோட்டத்தின் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில், புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரைமேல் கருவி முனகியது. பிழையோ என்று கட்டைகளைக் கழற்றினான். முனகல் நிற்கவில்லை. நான்கு நாளாகியும் நிற்கவில்லை. கட்டைகள் அவன் சட்டைப்பையில்தான் கிடக்கின்றன. கடப்பாரையோடு மலையேறி வாருங்கள். அந்தத் தரையைப் பெயர்த்தெடுங்கள்.