பதினெட்டாம் நாள்

குஞ்சு பொரிக்கும் மிஷின் வாங்கியதிலிருந்து அடைக்கோழி அவளுக்குத் தொல்லையாகிவிட்டது. தினமும் தண்ணீரில் முக்கியெடுத்து, கூடைக்குள் அடைத்து, ஒரே வாரத்தில் அதன் அடைகாக்கும் ஆசையைத் தெளிய வைத்தாள்.

மறுநாளே மிஷின் நின்றுபோனது. உள்ளே பத்து முட்டைகள். வைத்து அன்றோடு பதினெட்டு நாள்; குஞ்சு பொரிய இருபத்தொரு நாள் ஆகும். மெக்கானிக் போனை எடுக்கவில்லை.

கோழியைப் பிடித்து முட்டைமேல் வைத்தாள். அது உதறிக்கொண்டு ஓடியது.

"உள்ள உசுரு இருக்குடி! கொஞ்சம் உக்காருடி!" என்று அழுதே விட்டாள்.

தெருவில் எந்த வீட்டிலும் அடைக்கோழி கிடைக்கவில்லை. திரும்பி வந்தால் முட்டைகளையே காணோம். கணவன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்திருந்தான்.

"முட்டை எங்கங்க?"

"எங்கிட்டதான். போர்வையத் தூக்காத."

அவன் நெற்றியைத் தொட்டாள். அனலாய்க் கொதித்தது.

"ஐயோ, காய்ச்சல்! மாத்திரை எடுத்துட்டு வரேன்."

"வேணாம்டி. இன்னும் மூணு நாள் பொறு."